மோட்டார் பந்தயத்தின் புது விதிகள்

உலகத்து மோட்டார் பந்தயங்களில் தலைசிறந்ததாக மதிக்கப்படும் பார்முலா ஒன் பந்தயத்துக்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டு, 2026-ம் வருஷப் பந்தயங்கள் முதல் அவை அமலாகும்படி ஏற்பாடாகியிருக்கிறது. பந்தயத்தால் உண்டாகும் புகைக்கேட்டைக் குறைப்பது ஒன்று. பணபலம் படைத்த ஓரிரு கோஷ்டிகளே வருஷந்தோறும் வெற்றி கொள்ளும் நிலையை மாற்றிப் போட்டியைச் சமமாக்குவது மற்றொன்று. இவ்விரண்டுமே விதிகளின் நோக்கம் என்று அவற்றை இயற்றிய சர்வதேச மோட்டார் சம்மேளனத்தார் கூறுகிறார்கள். நோக்கங்கள் நல்லவை என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால், விதி அந்த நோக்கத்தை நிறைவேற்றுமா என்பதையும், நிறைவேற்றினால் நம் தேசத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்பதையும் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

சீமான்களின் விளையாட்டைப் பற்றிச் சமயபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் இருப்பவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலைப்படக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் பெருஞ்சாலை சமயபுரத்தை ஒட்டியே செல்கிறது. அங்குள்ள சுங்கச் சாவடியில் இரவும் பகலும் லாரிகளும் பேருந்துகளும் கார்களும் வரிசையாக நின்று புகை கக்குகின்றன. அந்த வண்டிகளில் பலவும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. மோட்டார்த் தொழில் நம்மில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்தத் தொழில் நாளை எந்தத் திசையில் திரும்பும் என்பதைப் பந்தய விதிகள் ஓரளவு முன்கூட்டியே காட்டுகின்றன. இது போதாதென்று, மோட்டார் பந்தயத்துக்குப் பொதுஜனப் பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வியும் நம் ராஜ்யத்தில் எழுந்து, உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஆகவே இது நம்மைத் தொடாத விஷயம் அல்ல.

முதலில் விதிகளின் சாராம்சத்தைச் சொல்லிவிடுவோம். 2025 வரை பந்தயக் காரின் பெட்ரோல் என்ஜின் சுமார் 550 கிலோவாட் சக்தியைத் தந்தது. அதோடு பொருத்திய மின்சார மோட்டார் தந்தது 120 கிலோவாட் மட்டுமே. புது விதியின்படி பெட்ரோல் என்ஜினின் சக்தி சுமார் 400 கிலோவாட்டாகக் குறைய, மின்சார மோட்டாரின் சக்தி 350 கிலோவாட்டாக உயருகிறது. அதாவது, காரை ஓட்டும் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும். நிலத்தடி எண்ணெயிலிருந்து எடுத்த பெட்ரோலுக்கு இடமே இல்லை. உணவுக்கு உதவாத தாவரக் கழிவு, நகரக் குப்பை, காற்றிலிருந்தோ ஆலைப் புகையிலிருந்தோ பிடித்த கரியமில வாயு ஆகியவற்றிலிருந்து செய்த எரிபொருளையே முழுவதும் உபயோகிக்க வேண்டும். காரின் குறைந்தபட்ச எடை 30 கிலோ குறைந்து 768 கிலோவாகிறது. அகலம் 10 சென்டிமீட்டரும், முன்பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் 20 சென்டிமீட்டரும் குறைகின்றன. காற்றைக் கிழித்துச் செல்ல உதவும் முன்பின் இறக்கைகள், நேர்பாதையில் ஒரு விதமாகவும் வளைவில் வேறு விதமாகவும் அசைந்துகொடுக்கும்.

இவை சாமர்த்தியமான மாறுதல்களே. ஆனால் புகைக் கணக்கைப் பாருங்கள். பார்முலா ஒன் நிர்வாகத்தார் 2030-க்குள் தங்கள் கரியமிலக் கணக்கை முற்றிலும் நேர்செய்துவிடுவதாக 2019-ல் சபதம் செய்தபோது, தங்கள் கணக்கைத் தாங்களே வெளியிட்டார்கள். 2018-ம் வருஷத்தில் பந்தயத்தால் உண்டான கரியமில வாயு 2,56,551 டன். அதில் கார்களின் என்ஜின்கள் வெளியிட்டது நூற்றுக்கு 0.7 பங்கு, அதாவது சுமார் 1,800 டன் மட்டுமே! கார்களையும் தளவாடங்களையும் கண்டம் விட்டுக் கண்டம் விமானத்திலும் கப்பலிலும் லாரியிலும் ஏற்றிச் சென்றதால் விளைந்தது நூற்றுக்கு 45. ஆட்கள் பிரயாணம் செய்ததால் விளைந்தது நூற்றுக்கு 27.7. ஆலைகளும் அலுவலகங்களும் 19.3. பந்தய மைதானத்து ஏற்பாடுகள் 7.3. பந்தயம் பார்க்க வரும் லட்சக்கணக்கான ஜனங்களின் பிரயாணம் இந்தக் கணக்கில் சேரவேயில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பார்த்தால், என்ஜின் விதியை எவ்வளவு திருத்தினாலும் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது என்பது வெளிப்படை. வீட்டுக் கூரை ஒழுகும்போது வாசற்படிக்கு வர்ணம் பூசுவதைப் போன்ற காரியம் இது. உண்மையான குறைவு எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 முடிவுக்குள் 2018-ஐக் காட்டிலும் நூற்றுக்கு 26 பங்கு குறைத்துவிட்டதாக நிர்வாகத்தார் தெரிவித்திருக்கிறார்கள். புது என்ஜின் விதி அப்போது அமலுக்கே வரவில்லை. ஆலைகளுக்குச் சூரிய, காற்று மின்சாரத்தை வாங்கியதும், ஐரோப்பாவில் தளவாடம் ஏற்றும் லாரிகளைத் தாவர எண்ணெயிலிருந்து செய்த டீசலில் ஓட்டியதும், பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பந்தயங்களை அடுத்தடுத்து வைத்ததும் போன்ற சாதாரணக் காரியங்களே அந்தக் குறைவுக்கு வழி செய்தன. ஜப்பான் பந்தயம் 2024-ல் ஏப்ரலுக்கு மாற்றப்பட்டதும் இந்த வரிசைப்படுத்தலைச் சேர்ந்ததே. ஆனால் அதே சமயத்தில், 2018-ல் 21 ஆக இருந்த பந்தயங்கள் 2024-ல் 24 ஆயின. ஒரு கையால் சிக்கனம், மறு கையால் பெருக்கம்!

இதற்கு விதிக்காரர்களின் தரப்பில் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. பந்தயம் ஒரு பரீட்சைச் சாலை. அங்கே கண்டுபிடிக்கப்படும் யுக்தி பத்து வருஷத்தில் சாதாரண வண்டிக்கு வந்து சேரும். ஆகவே இருபத்திரண்டு கார்களின் புகையைப் பார்க்காமல் உலகத்துக் கோடிக்கணக்கான கார்களின் புகையைப் பாருங்கள் என்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2014-ல் மின்சார மோட்டாரோடு கூடிய ஆறு சிலிண்டர் என்ஜின் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, மெர்ஸிடிஸ் கம்பெனியார் 2017-ல் பரீட்சைச் சாலையில், எரிபொருளிலுள்ள சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றும் என்ஜினைச் செய்து காட்டினார்கள். வழக்கமாக நாம் ஓட்டும் பெட்ரோல் காரில் மூன்றில் இரண்டு பங்கு சக்தி வெறும் வெப்பமாகவே வீணாகிறது. இது அற்பமான சாதனை அல்ல.

பிரேக்கு போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமிக்கும் முறையையும் அப்படியே சொல்லலாம். புது விதிப்படி ஒரு சுற்றில் சுமார் 85 லட்சம் ஜூல் சக்தியை இவ்வாறு மீட்கலாம் என்று வகுத்தார்கள். நம் வீட்டு மின்சாரக் கணக்கில் இது இரண்டேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். சமயபுரத்திலிருந்து நெ.1 டோல்கேட், திருவானைக்காவல் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் செல்லும் நகரப் பேருந்து எத்தனை இடத்தில் நின்று புறப்படுகிறது என்பதை அதில் ஏறினவர்கள் அறிவார்கள். ஜனங்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால், ஏறக்குறைய 0.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி பிரேக்குச் சட்டத்தில் சூடாகிக் காற்றோடு போகிறது. அடிக்கடி நின்று புறப்படும் வண்டிக்கே இந்த யுக்தியால் அதிக லாபம். பந்தயக் காரைவிட நகரப் பேருந்துக்கே இது முதலில் வேண்டியது. 2025 ஜூன் மாதக் கடைசியில் சென்னையில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதை நாம் வரவேற்பது இக்காரணத்தால்தான். இந்த யுக்தி திருச்சிக்கு வருவதற்கு யாருடைய பந்தயத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

எரிபொருள் விதியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. உணவுப் பயிரிலிருந்து எரிபொருள் செய்யலாகாது என்று பந்தயக்காரர்கள் தங்களுக்கு நிபந்தனை விதித்துக்கொண்டார்கள். நம் தேசத்திலோ பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம், 2030-க்கு என்று முதலில் வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-ல் எட்டப்பட்டிருக்கிறது. அந்த எத்தனாலில் பெரும்பகுதி கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து கிடைப்பது. அன்னிய தேசத்து எண்ணெய்க்குச் செல்லும் பணம் உள்நாட்டு விவசாயிக்குச் செல்வதை நாம் குறை சொல்ல மாட்டோம். லால்குடிக்கு அருகே காட்டூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பும் குடியானவனுக்கு அதனால் கால தாமதமின்றிப் பணம் கிடைத்தால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கரும்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது காவிரிக் கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டூரில் நீர் குறையும் வருஷத்தில், வண்டிக்குத் தீனி போடுவதா, வயிற்றுக்குச் சோறு போடுவதா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

வைக்கோலிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலையை இந்தியன் ஆயில் ஸ்தாபனத்தார் 2022-ல் பானிப்பட்டில் திறந்தார்கள். பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோலைக் கொளுத்திப் புகையாக்குவதற்குப் பதில் அதை எரிபொருளாக்குவது நல்ல முயற்சி. நம் டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீனி. ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே நகல் செய்வது சரியாகாது. ஆனால் நகரக் குப்பையும், கரும்புச் சக்கையும், சாக்கடைக் கசடும் நம்மிடம் குறைவில்லாமல் இருக்கின்றன. பந்தயக்காரர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனையை நம் சர்க்காரும் மெல்ல மெல்லத் தன் எத்தனால் கொள்கைக்கு வைத்துக்கொள்ளுமானால், அது காப்பியடித்தல் ஆகாது, விவேகமே ஆகும்.

இனி, போட்டியைச் சமமாக்குவது என்ற இரண்டாவது நோக்கத்தைப் பார்ப்போம். விதியை அடியோடு மாற்றினால் போட்டி சமமாகும் என்ற நம்பிக்கைக்குச் சரித்திரம் ஆதரவு தரவில்லை. 2014-ல் என்ஜின் விதி மாறியது. மெர்ஸிடிஸ் கோஷ்டி அந்த வருஷம் முதல் 2021 வரை எட்டு வருஷம் தொடர்ந்து கோஷ்டிப் பட்டத்தைக் கைப்பற்றியது. 2022-ல் காரின் உருவ விதி மாறியது. 2023-ல் நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் கோஷ்டி ஒன்றே வென்றது. விதி மாறாமல் நிலைத்திருந்த பின்னரே மற்றவர்கள் எட்டிப் பிடித்தார்கள். 2024-ல் ஏழு ஓட்டிகள் ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பந்தயங்களை வென்றார்கள். விதி புதிதாகும்போது முந்திக்கொள்பவன், ஆராய்ச்சிக்கு அதிகப் பணமும் ஆளும் உடையவன். விதி பழகப் பழக அந்த முந்துதல் கரைந்து போகிறது. ஆகவே அடிக்கடி விதி மாற்றுவது பணக்காரனுக்கே சகாயம்.

போட்டியைச் சமமாக்க உண்மையில் உதவியவை வேறு இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, செலவுக்கு உச்ச வரம்பு. 2021-ல் ஒரு கோஷ்டி வருஷத்தில் 14.5 கோடி டாலருக்கு மேல் செலவிடலாகாது என்று கட்டுப்பாடு வந்தது. அன்றைய நாணய மாற்றில் அது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஓட்டிகளின் சம்பளமும் அதில் சேராது. ஏழையின் கணக்கில் அது வரம்பே அல்ல என்றாலும், வரம்பே இல்லாதிருந்த நிலைக்கு அது மேல். இரண்டாவது, காற்றுக் குகையில் காரின் உருவத்தைச் சோதிக்கும் நேரத்தைத் தலைகீழாகப் பங்கிட்டது. முதலிடம் பெற்ற கோஷ்டிக்கு நிர்ணயித்த நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு மட்டும். அடுத்தடுத்த இடத்துக்கு ஐந்தைந்தாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115. பின்தங்கியவனுக்கு அதிகச் சலுகை, முன்னேறியவனுக்குக் குறைந்த சலுகை என்ற இந்த நீதியைச் சமூக வாழ்வில் ஏற்க மறுக்கும் கனவான்கள், பந்தய மைதானத்தில் ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது.

என்ஜின் விதியில் செய்த ஒரு சுருக்கமும் பலன் தந்தது. புகைபோகும் வழியிலுள்ள வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நுட்பமான யந்திரம் ஒன்று 2014 முதல் கட்டாயமாயிருந்தது. செய்வதற்கு மிகக் கடினம். செலவு மிக அதிகம். சாதாரணக் காருக்கு அதனால் உபயோகமும் இல்லை. அதை நீக்கிவிடுவதென்று முடிவான பிறகே ஆடி கம்பெனியார் வந்து சேர்ந்தனர். ஃபோர்டு கம்பெனியார் ரெட் புல் கோஷ்டியோடு கூட்டுச் சேர்ந்தனர். விலகுவதாக இருந்த ஹோண்டா கம்பெனியாரும் தங்கிவிட்டனர். ஆனால் ரெனோ கம்பெனியார் என்ஜின் செய்வதையே கைவிட்டுவிட்டார்கள். விதிகள் அமலுக்கு வருவதற்கு முன்பே, 2025-ல், பழைய பத்துச் சிலிண்டர் என்ஜினுக்கே கரியற்ற எரிபொருளோடு திரும்பிப் போய்விடலாமா என்று சம்மேளனத் தலைவரே ஒரு யோசனையைக் கிளப்பினார். சட்டம் செய்தவர்களுக்கே அதில் உறுதி இல்லையென்றால், அதை வேதவாக்காக நாம் கொள்ள வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கோயம்புத்தூரை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே எஸ். கரிவர்தன் என்ற தொழிலதிபர், மாருதி காரின் சிறிய என்ஜினைப் பொருத்திப் பந்தயக் கார்களை உள்நாட்டிலேயே செய்து, எல்லாருக்கும் ஒரே விதமான வண்டி என்ற அடிப்படையில் பந்தயத்தை வளர்த்தார். வண்டி ஒன்றே, என்ஜின் ஒன்றே, ஆகவே ஜயிப்பது ஓட்டியின் திறமை. உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்து கொள்ளலாம். பார்முலா ஒன் அதிபர்கள் ஆயிரம் கோடிகள் கொட்டித் தேடும் சமத்துவத்தை, அவர் கோவைப் பட்டறையில் குறைந்த செலவில் கண்டார். அப்படிப்பட்ட பார்முலா மாருதி வண்டியில் பழகிய நாராயண் கார்த்திகேயனே, 2005-ல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தது நம் துரதிர்ஷ்டம். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிறகு நாம் என்ன செய்தோம்? 2011 முதல் 2013 வரை டில்லிக்கு அருகே கோடிக்கணக்கில் செலவழித்து அமைத்த பாதையில் மூன்று வருஷம் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கேளிக்கை வரிச் சச்சரவோடும் வேறு தகராறுகளோடும் அது நின்றது. பந்தயக் கம்பெனியார் இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டியவர்களே என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததுதான் மிச்சம். மின்சாரக் கார்களின் உலகப் பந்தயமான பார்முலா ஈ, 2023 பிப்ரவரி 11-ல் ஹைதராபாத்தில் நடந்தது. மந்திரிசபை மாறிய பின், அடுத்த வருஷம் அது கைவிடப்பட்டது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப்பாதையில் இரவுப் பந்தயம், புயல் காரணமாக 2023 டிசம்பரில் ஒத்திப்போடப்பட்டு, 2024 ஆகஸ்டு 31-லும் செப்டம்பர் 1-லும் நடந்தது. அங்கே ஓடியவற்றில் ஒரு வகை வண்டியின் சட்டம் பிரான்சிலும், மற்றொரு வகையின் சட்டம் இத்தாலியிலும் செய்தவை. தெரு நம்முடையது, கூட்டம் நம்முடையது, பணத்தில் ஒரு பகுதி நம்முடையது. வண்டி மட்டும் அயலாருடையது!

நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரப் பந்தயம் 2014 செப்டம்பரில் பீக்கிங் நகரில் முதன்முதலாகத் தொடங்கியபோதே மகிந்திரா கோஷ்டி அதில் இருந்தது. சென்னை வாலிபர் கருண் சந்தோக் அந்தக் கோஷ்டியின் வண்டியை ஓட்டினார். சென்னையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். கம்பெனியின் டயர், 2022-ல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்ற காரில் ஓடியது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பேருந்துகள் நின்றுபோகும் ஆபத்து வந்தபோது, டி.வி.எஸ். கம்பெனியார் மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் யந்திரத்தைச் செய்து வண்டிகளுக்குப் பின்னால் பூட்டி ஓட்டினார்கள். எந்தச் சர்வதேசச் சம்மேளனமும் அதற்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. தேவை எழுதிக் கொடுத்தது. நம் திருச்சியை எடுத்துக்கொண்டால், பொன்மலைப் பட்டறைத் தொழிலாளர்கள் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்தவர்கள். திருவெறும்பூரைச் சுற்றியுள்ள பட்டறைகளில் இரும்பை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆகவே, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதலாவதாக, பந்தயத்துக்காகச் சர்க்கார் ஒரு ரூபாய் செலவிட்டாலும், அதில் பாதியாவது உள்நாட்டில் வண்டி செய்வோருக்குச் சேர வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும். ஒரு வாரக் காட்சிக்காகத் தெருவைச் செப்பனிடுவது தேச நிர்மாணம் ஆகாது. இரண்டாவதாக, கோவையில் வருஷந்தோறும் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த பந்தயக் கார்களோடு போட்டியிடும் பார்முலா பாரத் பந்தயத்தில் மின்சாரக் கார்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. திருச்சி முதலிய ஊர்களின் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு மோட்டாரும் பாட்டரியும் வாங்கப் பணமில்லாமல் முயற்சி நின்றுவிடலாகாது. தெருப்பந்தயத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கைக் கொண்டு இவர்களில் பலருக்கு உதவலாம்.

மூன்றாவதாக, சென்னையிலேயே தலைமை அலுவலகத்தைக் கொண்டுள்ள இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தார், கரிவர்தன் காட்டிய வழியில் ஒரு தேசிய மின்சார வகுப்பை ஏற்படுத்த வேண்டும். சட்டம் இங்கேயே செய்தது. மோட்டார் எல்லாருக்கும் ஒன்றே, அதற்கு முத்திரை வைத்தது. வண்டியின் விலைக்கு உச்ச வரம்பு. விதி ஐந்து வருஷத்துக்கு மாறாதது. இந்த நான்கு நிபந்தனைகளும் இருந்தால் திருச்சி மெக்கானிக்கின் மகனும் மைதானத்தில் இறங்கலாம். நான்காவதாக, புகைக் கணக்கை வெளியிடாமல் எந்தப் பந்தயத்துக்கும் அனுமதி தரலாகாது. தளவாடங்களை ஏற்றி வந்த லாரியும், ஜனங்கள் வந்த வண்டியும், விளக்குக்கு ஓடிய ஜெனரேட்டரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். காரின் வாலில் மட்டும் புகையை அளந்துவிட்டுப் பசுமை என்று பறையடிப்பதை ஜனங்கள் நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. வேகத்தில் ஆசை வைப்பது இளமையின் சுபாவம். அதை நாம் கண்டிக்கவில்லை. ஆனால் பெருஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடுவதை வீரம் என்று எவரும் மதிக்கலாகாது. பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் கைக்குழந்தையோடு சமயபுரத்துக்கு நடந்து வரும் சாலை அது. வேகத்துக்கு இடம் மைதானமே. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தி, பின்னர் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைத்ததன் தாத்பரியமும் அதுவே. திருச்சிக்கு அருகிலும் சிறு வண்டிகள் ஓடப் பாதுகாப்பான பாதை ஒன்று இருக்குமானால், சாலையில் சிந்தும் இரத்தம் குறையும். பெற்றோர் மனமும் ஆறும்.

பாரிஸிலும் லண்டனிலும் உட்கார்ந்து சிலர் எழுதும் விதி, உலகத்து மோட்டார்த் தொழிலின் போக்கைக் காட்டும் ஒரு திசைகாட்டி. திசைகாட்டியைப் பார்ப்பது அவசியம். அதைக் கையெடுத்துக் கும்பிடுவது அனாவசியம். அவர்களுடைய எரிபொருள் நிபந்தனையையும், செலவு வரம்பையும், பிரேக்கில் சக்தி மீட்கும் யுக்தியையும் எடுத்துக்கொள்வோம். ஆடம்பரத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். சமயபுரம் சுங்கச் சாவடியில் நிற்கும் லாரியின் புகையை எந்த விதி குறைக்கிறதோ, திருச்சிப் பட்டறையில் வேலை செய்யும் வாலிபனின் கைக்கு எந்த விதி புதுத் தொழிலைக் கொண்டுவந்து சேர்க்கிறதோ, அதுவே நமக்கு நல்ல விதி. அப்படிப்பட்ட விதியை அயலார் நமக்காக எழுதித் தரமாட்டார்கள். அதை நாமே எழுத வேண்டும். எழுதுவதற்கு வேண்டிய அறிவும் கைத்திறமும் நம்மிடம் இருக்கின்றன. சர்க்காரும் தொழிலதிபர்களும் மனம் வைப்பதே பாக்கி.